வீட்டுச் சூடாக்க உலை விட்டுவிட்டு இயங்குதல்

வீட்டுச் சூடாக்க உலை விட்டுவிட்டு இயங்குதல் என்பது, குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்கப் பயன்படும் உலை சிறிது நேரம் இயங்கி, இடையில் நின்று, பின்னர் யாரும் தொடாமலேயே மீண்டும் இயங்கத் தொடங்கும் பழுதைக் குறிக்கும். முற்றாக நின்றுபோன உலையில் பழுதைக் கண்டறிவதைவிட இவ்வகை உலையில் கண்டறிவது கடினம். திருத்துநர் வந்து பார்க்கும் வேளையில் உலை ஒழுங்காக இயங்கிக் கொண்டிருப்பதும், அவர் சென்றபின் அன்றிரவே நின்றுவிடுவதும் இப்பழுதின் இயல்பாகும்.

வீடுகளைச் சூடாக்கும் முறைகள் பல உள்ளன. இக்கட்டுரை கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பரவலாக உள்ள, இயற்கை எரிவளியால் இயங்கும் காற்றூட்டு உலையை முதன்மையாகக் கொண்டது. இவ்வுலை பெரும்பாலும் வீட்டின் நிலவறையில் வைக்கப்பட்டிருக்கும். எரிவளியை எரித்துப் பெறும் வெப்பத்தால் காற்றைச் சூடாக்கி, தகட்டுக் குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பும். புலம்பெயர் தமிழரின் பேச்சில் இது ‘ஃபேர்னஸ்’ என்றோ பொதுவாக ‘ஹீற்றர்’ என்றோ வழங்கப்படுகிறது.

வெளியே −20 °C குளிர் நிலவும் இரவில் உலை நின்றால், சில மணி நேரத்தில் வீடு தங்க முடியாத அளவு குளிர்ந்துவிடும். குளிர் நீடித்தால் சுவர்களுக்குள் செல்லும் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கக்கூடும். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீடுகளில் இது வெறும் வசதிக்குறைவு அன்று. எனினும், உலை நிற்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிற்கவேண்டிய உலை நிற்காமல் எரிந்துகொண்டிருப்பதே அது. விட்டுவிட்டு இயங்கும் பழுதுகளில் பெரும்பாலானவற்றில், உலையை நிறுத்துவது கெட்டுப்போன ஓர் உறுப்பு அன்று. தன் கடமையைச் செய்யும் ஒரு பாதுகாப்பு ஆளியே ஆகும். இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாமல் பழுதுபார்க்க முற்படுவது வீண்செலவுக்கும், சில வேளைகளில் உயிரிழப்புக்கும் இட்டுச்செல்லும்.

இயக்க ஒழுங்கு

1980களுக்குப் பின் வந்த உலைகளில் பெரும்பாலானவற்றில் எப்போதும் எரியும் சிறு வழிச்சுடர் கிடையாது. ஒவ்வொரு முறையும் உலை புதிதாகப் பற்றவைக்கப்படுகிறது. அது ஒரு குறித்த ஒழுங்கில் நடைபெறும். அறையின் வெப்பநிலை குறைந்ததும், சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி 24 வோல்ட்டு மின்சுற்றை மூடி உலையை அழைக்கிறது. உலையின் கட்டுப்பாட்டுப் பலகை முதலில் புகையுறிஞ்சு விசிறியை இயக்கும். இவ்விசிறி எரிந்த வளிமங்களை வெளியே தள்ளும்போது உலைக்குள் அழுத்தம் சிறிது குறையும். அக்குறைவை ஒரு மெல்லிய இறப்பர்க் குழாய் வழியாக உணரும் அழுத்த ஆளி மூடிக்கொள்ளும். ‘புகைவழி திறந்துள்ளது’ என்பதற்கு இதுவே சான்று.

அதன்பின் பற்றவைப்பான் செந்நிறமாகக் கனலும். சில நொடிகளில் எரிவளி அடைப்பிதழ் திறந்து, எரிமுனைகளில் சுடர் தோன்றும். சுடர் உண்மையிலேயே எரிகிறதா என்பதைச் சுடர் உணரி ஒரு சில நொடிகளுக்குள் உறுதிசெய்ய வேண்டும்; இல்லையேல் அடைப்பிதழ் மூடப்படும். சுடர் உறுதியானபின், வெப்பப் பரிமாற்றி சூடேறுவதற்காக ஏறத்தாழ அரை நிமிடம் பொறுத்து, பெரிய காற்றூதி இயங்கத் தொடங்கும். அறை வேண்டிய வெப்பநிலையை அடைந்ததும் எரிவளி நிற்கும். காற்றூதி மட்டும் ஓரிரு நிமிடங்கள் ஓடி, எஞ்சிய வெப்பத்தை அறைகளுக்கு அனுப்பிவிட்டு நிற்கும்.

இவ்வொழுங்கை அறிந்திருப்பதன் பயன் பெரிது. உலை எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்தாலே ஐயத்துக்குரிய உறுப்புகள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். பற்றவைப்பான் கனலாமலே நிற்கும் உலையில் சுடர் உணரியைத் துடைப்பதால் பயனில்லை. பத்து நிமிடம் நன்றாக எரிந்தபின் நிற்கும் உலையில் பற்றவைப்பானை மாற்றுவதும் அத்தகையதே.

தானாகவே மீள்வதன் காரணம்

பற்றவைப்புத் தோற்றால் கட்டுப்பாட்டுப் பலகை சிறிது நேரம் பொறுத்து மீண்டும் முயலும். வழக்கமாக மூன்று முதல் ஐந்து முயற்சிகள் தோற்றபின் அது பூட்டுநிலைக்குச் செல்லும். இந்நிலையில் தெர்மோஸ்டாட் எவ்வளவு அழைத்தாலும் உலை அசையாது. ஆயினும் பல உலைகளில் இப்பூட்டு நிரந்தரமானதன்று. ஒரு மணி நேரமோ, சில வகைகளில் மூன்று மணி நேரமோ கழிந்தபின் பலகை தானே பூட்டை நீக்கி மறுபடியும் முயலும். வீட்டில் எவரும் இல்லாதபோது உறைபனிச் சேதம் நேராதிருக்கவே இவ்வேற்பாடு.

‘இரவில் நின்றது, காலையில் தானே சரியாகிவிட்டது’ என்னும் வழக்கமான முறைப்பாட்டின் பின்னணி பெரும்பாலும் இதுவே. உலை சரியாகவில்லை, அதன் காத்திருப்பு நேரம் முடிந்தது, அவ்வளவே. மின்னிணைப்பை நிறுத்தி மீண்டும் கொடுப்பதும் பூட்டை நீக்கும். ஆகையால் ‘நிறுத்திப் போட்டால் வேலை செய்கிறது’ என்பது பழுது நீங்கியதற்கு அடையாளம் ஆகாது.

சுடர் உணரி

விட்டுவிட்டு இயங்கும் பழுதுகளில் அடிக்கடி காணப்படுவதும் எளிதில் தீர்வதும் சுடர் உணரியின் பழுதாகும். உணரி என்பது எரிமுனைச் சுடரினுள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய உலோகக் கம்பி. அதன் அடிப்பகுதி வெண்களிமண் காப்பால் சூழப்பட்டிருக்கும். பலர் இதனை வெப்பத்தை உணரும் கருவி எனக் கருதுகின்றனர். அது சரியன்று. இது சுடரின் மின்கடத்துத் திறனையே உணர்கிறது.

எரியும் சுடரில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் உண்டு. கட்டுப்பாட்டுப் பலகை கம்பிக்கு ஒரு மாறுதிசை மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. மின்னோட்டம் கம்பியிலிருந்து சுடர் வழியாக, நிலத்தொடுப்பு உள்ள எரிமுனைக்குச் செல்கிறது. எரிமுனையின் பரப்பு கம்பியின் பரப்பைவிடப் பலமடங்கு பெரிதாகையால், மின்னோட்டம் ஒரு திசையில் அதிகமாகவும் எதிர்த்திசையில் மிகக் குறைவாகவும் பாயும். இதனால் விளையும் நேர்திசை மின்னோட்டத்தைப் பலகை அளக்கிறது. அதன் அளவு பெரும்பாலும் 1 முதல் 6 மைக்ரோஆம்பியர் வரையே இருக்கும். கம்பி எங்காவது உலோகத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மாறுதிசை மின்னோட்டமே பாயும். அதைப் பலகை சுடர் என ஏற்காது. இவ்வளவு எளிய பொருளைக் கொண்டு ஏமாற்ற முடியாத ஒரு காவலை அமைத்திருப்பது பாராட்டத்தக்கது.

காலப்போக்கில் கம்பியின்மீது ஒரு மெல்லிய படிவு உருவாகிறது. உலோக ஒட்சைட்டும், காற்றிலுள்ள சிலிக்கன் சேர்ந்த ஆவிகள் சுடரில் எரிந்து தரும் சிலிக்காவும் அதில் அடங்கும். சில வாசனைப் பொருள்களிலும் மெருகுப் பொருள்களிலும் அடைப்புப் பசைகளிலும் இத்தகைய சேர்மங்கள் உள்ளன. படிவு மின்காப்பாகச் செயற்படுவதால் மின்னோட்டம் சிறிது சிறிதாகக் குறைந்து, பலகை ஏற்கும் கீழெல்லையை நெருங்கும். அவ்வெல்லையின் அருகில் இருக்கும்போதுதான் உலை ஒருநாள் இயங்கி மறுநாள் நிற்கும். சுடர் சற்று அசைந்தாலும் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் எல்லை கடந்துவிடும். எரிமுனைகள் பற்றி மூன்று முதல் ஏழு நொடிகளுக்குள் அணைந்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே நடந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது இவ்வுணரியையே.

மின்னிணைப்பையும் எரிவளியையும் நிறுத்தியபின் ஒரு திருகாணியைக் கழற்றினால் கம்பி வெளியே வந்துவிடும். அதை மெல்லிய எஃகுப் பஞ்சால் பளபளக்கும்வரை தேய்த்து, துணியால் துடைத்து மீண்டும் பொருத்துவர். முரட்டு உப்புத்தாள் கம்பியில் கீறல்களை உண்டாக்கி அடுத்த படிவு விரைவில் பற்ற வழிசெய்யும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. துடைத்தும் பழுது நீங்காவிடின் நிலத்தொடுப்பைப் பார்க்கவேண்டும். மின்னோட்டம் எரிமுனை வழியாகவே திரும்புவதால், துருப்பிடித்த ஒரு நிலத்தொடுப்புத் திருகாணியும் அழுக்கடைந்த உணரி தரும் அதே அறிகுறியையே தரும். புதிய உணரி வாங்கி மாட்டியும் பயன்பெறாத வீடுகளில் காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கும்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். சுடர் தொடக்கத்தில் ஒழுங்காக எரிந்து, காற்றூதி இயங்கத் தொடங்கிய கணத்திலேயே அலைந்து அணையுமாயின், அது உணரியின் குற்றமாக இராமல் வெப்பப் பரிமாற்றியில் ஏற்பட்ட வெடிப்பாக இருக்கக்கூடும். ஊதப்படும் காற்று வெடிப்பின் வழியே புகுந்து சுடரைக் கலைக்கிறது. எரிந்த வளிமம் வீட்டுக் காற்றுடன் கலப்பதற்கும் அதே வெடிப்பு வழியாகலாம். இவ்வறிகுறி தென்பட்டால் உலையை நிறுத்திவிட்டுத் தகுதிபெற்றவரை அழைப்பதே முறை.

வெப்ப எல்லை ஆளி

சுடர் பல நிமிடங்கள் எரிந்தபின் அணைவதும், காற்றூதி மட்டும் தொடர்ந்து ஓடுவதும், அறைத் திறப்புகளில் முதலில் சூடான காற்றும் பின்னர் குளிர்ந்த காற்றும் வருவதும் வேறொரு காவலின் வேலையைக் காட்டுகின்றன. வெப்பப் பரிமாற்றிக்கு அருகில் உள்ள வெப்ப எல்லை ஆளி, அங்குள்ள வெப்பம் அளவுமீறினால் எரிவளியை நிறுத்திவிடும். ஊதிக் குளிர்ந்ததும் ஆளி தானே மூடிக்கொள்ள, சுடர் மீண்டும் பற்றும். இச்சுழற்சி இரவு முழுவதும் நடக்கலாம்.

அளவுமீறிய வெப்பத்துக்குக் காரணம் சுடர் பெரிதானது அன்று. அதைக் கொண்டுசெல்லும் காற்று குறைந்ததே. அடைபட்ட காற்று வடிகட்டி இதன் முதற் காரணம். ஓரங்குலத் தடிப்புள்ள வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வீட்டில் சுவர் வேலை நடந்திருந்தால் சுண்ணத் தூசி சில நாட்களிலேயே அதை அடைத்துவிடும். நுண்தூசியையும் பிடிக்கும் என்று விற்கப்படும் அடர்த்தியான வடிகட்டிகள் சில பழைய உலைகளுக்குப் பொருந்துவதில்லை. அவை புதியனவாக இருக்கும்போதே காற்றைத் தடுக்கும். பயன்படுத்தாத அறைகளின் காற்றுத் திறப்புகளை மூடி வைப்பதும், உலைக்குக் காற்றுத் திரும்பும் வாயின் முன் கட்டிலையோ சாய்விருக்கையையோ போடுவதும் அதே விளைவைத் தரும். எரிவளிச் செலவைக் குறைக்கும் எண்ணத்தில் திறப்புகளை மூடுவோர் அதற்கு நேர்மாறான பலனையே பெறுகின்றனர். தேய்ந்த காற்றூதி இயக்கியும், வலுக்குறைந்த அதன் மின்தேக்கியும் அடுத்துப் பார்க்கவேண்டியவை.

இப்பழுது கடுங்குளிர் நாட்களில் மட்டும் தலைகாட்டும். மிதமான நாட்களில் அளவுமீறிச் சூடேறும் முன்னரே அறை வேண்டிய வெப்பநிலையை அடைந்து உலை நின்றுவிடுகிறது. −20 °C இல் உலை இடைவிடாது ஓடவேண்டியிருப்பதால், மறைந்திருந்த குறை வெளிப்படுகிறது. ஒக்டோபரில் நன்றாக இருந்த உலை சனவரியில் கெட்டுவிட்டதாகத் தோன்றுவது இதனாலேயே.

புகைவழியும் ஒடுங்கிய நீரும்

இயற்கை எரிவளியின் பெரும்பகுதி மெத்தேன் ஆகும். மெத்தேன் எரியும்போது கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. ஒரு கன மீட்டர் எரிவளி எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நீர் ஆவியாக வெளிவரும். பழைய உலைகள் இந்நீராவியைச் சூடான புகையுடன் புகைபோக்கி வழியே வெளியேற்றிவிட்டன. உயர்திறன் உலைகளில் இரண்டாவது வெப்பப் பரிமாற்றி ஒன்று உண்டு. அதில் எரிந்த வளிமம் ஏறத்தாழ 55 °C இற்குக் கீழ் குளிர்விக்கப்படுவதால் நீராவி நீராக ஒடுங்கி, தன் உள்ளுறை வெப்பத்தையும் தந்துவிடுகிறது. கனடாவில் 2009 இறுதிக்குப் பின் உற்பத்தியாகும் எரிவளி உலைகளுக்கு 90 விழுக்காட்டு ஆண்டுத் திறனும், 2019 சூலை முதல் 95 விழுக்காட்டுத் திறனும் கட்டாயமாக்கப்பட்டன. ஆகவே புதிய உலைகள் ஒடுக்க உலைகளாகவே உள்ளன.

இத்திறனுக்கு ஒரு விலை உண்டு: உலை இப்போது நீரையும் கையாளவேண்டும். ஒடுங்கிய நீர் சற்று அமிலத்தன்மை கொண்டது. வளைந்த ஒரு சிறு கிண்ணத்தின் வழியாக அது வடிகாலுக்குச் செல்கிறது. கிண்ணத்திலோ குழாயிலோ பாசியும் கசடும் அடைத்தால் நீர் பின்வாங்கி உலைக்குள் தேங்கும். புகையுறிஞ்சு விசிறியின் உறையிலிருந்து ‘களக் களக்’ என்னும் ஒலி கேட்கும். நீர் மட்டம் உயர்ந்ததும் அழுத்த ஆளி திறந்து உலை நிற்கும். நின்றபின் தேங்கிய நீர் அடைப்பின் ஊடாக மெல்லக் கசிந்து வடியும். ஒரு மணி நேரத்தில் மட்டம் தாழ்ந்துவிட, உலை எதுவுமே நடவாததுபோல் மீண்டும் இயங்கும். காரணம் தெரியாதவருக்கு இது விளங்காப் புதிராகவே இருக்கும். அழுத்த ஆளியைத் தொடுக்கும் இறப்பர்க் குழாயில் ஒரு துளி நீர் நின்றாலும், அக்குழாய் காய்ந்து வெடித்தாலும் இதே விளைவு ஏற்படும்.

இப்படிப்பட்ட பழுதுகளில் அழுத்த ஆளி கெட்டதென மாற்றிவிடுவது திருத்துநரிடையே காணப்படும் ஒரு பொதுவான தவறு. ஆளி திறந்திருப்பது உண்மைதான். அது ஏன் திறந்தது என்பதே கேள்வி.

உயர்திறன் உலையின் புகைக்குழாய் பிளாஸ்டிக்காலானது. வீட்டின் பக்கச் சுவர் வழியாக வெளியே செல்லும். தரையிலிருந்து சிறிது உயரத்திலேயே இதன் வாய் இருப்பதால், காற்று அடித்துக் குவிக்கும் பனி அதை மூடிவிடக்கூடும். பகலில் வெயில் பட்டுப் பனி உருகியதும் உலை தானே மீளும். காற்று உள்வரும் குழாயின் வலையில் உறைபனி படிவதும், கோடையில் குளவியோ பறவையோ கட்டிய கூடு முதற்குளிரில் தடையாவதும் உண்டு. பலத்த காற்று ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வீசும் நாட்களில் மட்டும் உலை நிற்குமாயின் வெளிக்குழாயின் அமைவிடத்தை ஆராயவேண்டும். பனிப்புயலுக்குப் பின் வாசற்படியைத் துப்புரவு செய்வோர் இக்குழாய் வாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கமாக வேண்டும்.

நீரைச் சூடாக்கிச் சுற்றோட விடும் முறை பரவலாக உள்ள பிரித்தானியாவிலும் இதையொத்த சிக்கல் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 ஏப்பிரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவளிக் கொதிகலன்கள், சில விலக்குகள் தவிர, ஒடுக்க வகையினவாக இருக்கவேண்டும் என விதிக்கப்பட்டது. அவற்றின் ஒடுங்கிய நீர்க் குழாய்கள் பல வீடுகளில் வெளிச்சுவரில், மெலிந்த பிளாஸ்டிக் குழாய்களாக அமைக்கப்பட்டிருந்தன. 2010 டிசம்பரின் கடுங்குளிரில் இக்குழாய்கள் உறைந்து, பெருந்தொகையான கொதிகலன்கள் ஒரே நாட்களில் நின்றுபோயின. வெந்நீர்ப் பையாலோ வெதுவெதுப்பான நீராலோ குழாயை இளக்கினால் போதுமானதாக இருந்தது. கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். நிரந்தரத் தீர்வு, குழாயைப் பெரிதாக்கிக் காப்புறை இடுவதோ வீட்டுக்குள்ளேயே வடிகாலில் சேர்ப்பதோ ஆகும்.

பற்றவைப்பானும் மின்னிணைப்புகளும்

பற்றவைப்பான் சிலிக்கன் கார்பைடு அல்லது சிலிக்கன் நைத்திரைடு என்னும் பீங்கான் பொருளால் ஆனது. ஒவ்வொரு பற்றவைப்பிலும் ஆயிரம் பாகை செல்சியசை மீறிச் சூடேறிக் குளிர்வதால், சில ஆண்டுகளில் அதில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு விழலாம். அவ்வெடிப்பு ஒருமுறை தொடும், மறுமுறை விலகும். கனல் மங்கியோ ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாகவோ தெரிந்தால் அதை மாற்றவேண்டும். கையின் எண்ணெய்ப் பசை பட்டால் சூடேறும்போது கெடும் என்பதால் வெறுங்கையால் தொடலாகாது.

மின்னிணைப்புகளில் தளர்ந்த முனைகள், உலைக் கதவு சரியாக மூடாதபோது திறந்துகொள்ளும் கதவு ஆளி, கட்டுப்பாட்டுப் பலகையின் ஈயப்பற்றில் விழும் மயிரிழை வெடிப்பு என்பன முதன்மையானவை. பலகை சூடேறும்போது விரிந்து விலகி, குளிர்ந்தபின் கூடும் ஈயப்பற்று, கண்டுபிடிக்க மிகவும் கடினமான பழுதுகளில் ஒன்று. புகையுறிஞ்சு விசிறியின் இயக்கியும் அளவுமீறிச் சூடேறினால் தன் உட்காப்பால் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும்.

தெர்மோஸ்டாட்

மின்னால் இயங்கும் அறை வெப்பநிலைக் கட்டுப்படுத்திக்கு வாரன் ஜோன்சன் 1883 இல் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்றைய எண்ணியல் கருவிகளில் பழுதின் காரணம் பெரும்பாலும் வலுவிழந்த மின்கலமே. வெயில் படும் சுவரிலோ, சூடான காற்றுத் திறப்புக்கு எதிரிலோ, விளக்குக்கு மேலேயோ பொருத்தப்பட்ட கருவி அறையின் வெப்பத்தைத் தவறாக உணர்ந்து உலையை முன்கூட்டியே நிறுத்தும். கருவிக்குப் பின்னால் சுவரில் உள்ள கம்பித் துளை வழியே குளிர்காற்று வந்து அதைக் குழப்புவதும் உண்டு. அத்துளையை அடைக்கச் சிறிதளவு பஞ்சு போதும். உலையில் உள்ள தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளை ஒரு கம்பியால் இணைத்துப் பார்க்கும்போது உலை ஒழுங்காக ஓடுமாயின், பழுது தெர்மோஸ்டாட்டிலோ அதன் கம்பியிலோ உள்ளது எனத் திருத்துநர் முடிவுசெய்வர்.

வீட்டின் தேவையைவிட மிகப் பெரிய உலையும் அடிக்கடி நின்று நின்று ஓடும். இது குறுஞ்சுழற்சி எனப்படும். இங்கு உறுப்பு எதுவும் பழுதாகவில்லை, தேர்வே பிழையானது. இரவில் வெப்பநிலையைத் தாழ்த்துமாறு முன்பே பதியப்பட்ட கால அட்டவணையை மறந்துவிட்டு உலையைக் குறைசொல்வோரும் உளர்.

கண்டறியும் முறை

விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடிக்கக் கருவிகளைவிடக் குறிப்பேடு பயன்மிக்கது. உலை நின்ற நேரம், அன்றைய வெளி வெப்பநிலை, காற்று, பனி, நிற்கும் முன் எவ்வளவு நேரம் எரிந்தது, காற்றூதி ஓடியதா, எவ்வளவு நேரங் கழித்து மீண்டது என்பவற்றை மூன்று நான்கு முறை குறித்தால் ஒரு பாங்கு தெரியவரும். சரியாக ஒரு மணி அல்லது மூன்று மணி இடைவெளியில் மீண்டால் அது பூட்டுநிலை. பத்து இருபது நிமிடங்களில் மீண்டால் எல்லை ஆளியையோ சூடேறிய இயக்கியையோ நினைக்கலாம். வெயில் ஏறியபின் மீண்டால் வெளிக்குழாயைப் பார்க்கவேண்டும்.

பெரும்பாலான கட்டுப்பாட்டுப் பலகைகளில் ஒரு சிறு விளக்கு உண்டு. அது குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னிப் பழுதின் வகையைத் தெரிவிக்கும். அவ்வெண்களின் பொருள் உலைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரே எண்ணுக்கு வெவ்வேறு நிறுவனத்தார் வெவ்வேறு பொருள் தருவதால், வேறோர் உலையின் அட்டவணையைக் கொண்டு முடிவுசெய்யக்கூடாது. சில பலகைகளில் மின்னிணைப்பை நிறுத்தினால் இக்குறிப்பு அழிந்துவிடும். ஆகையால் உலையை நிறுத்திப் போடுவதற்கு முன் கதவிலுள்ள சிறு கண்ணாடித் துளை வழியாக விளக்கைப் பார்த்து எண்ணிக்கொள்வது நன்று. திருத்துநர் வரும்போது உலை ஓடிக்கொண்டிருந்தாலும், இவ்வெண் அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

வடிகட்டி, மின்கலம், கதவு, காற்றுத் திறப்புகள், வெளிக்குழாய் ஆகியவற்றை வீட்டார் தாமே பார்க்கலாம். எரிவளி அடைப்பிதழ், எரிமுனை, வெப்பப் பரிமாற்றி, புகைக்குழாய் இணைப்புகள் ஆகியவை அவ்வாறல்ல. ஒன்ராறியோ மாகாணத்தில் எரிவளிக் கருவிகளில் வேலை செய்வோர் தொழில்நுட்பத் தரநிலைகள் மற்றும் பாதுகாப்பு ஆணையத்தின் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும்.

பாதுகாப்பு ஆளிகளைக் குறுக்கிணைத்தல்

நள்ளிரவுக் குளிரில், நிறுத்தும் ஆளியை ஒரு கம்பித்துண்டால் குறுக்கிணைத்து உலையை ஓடவைப்பது எளிது. சிலர் சோதனைக்காக ஒரு நிமிடம் அவ்வாறு செய்து, பின் எடுக்க மறந்துவிடுவதும் உண்டு. அழுத்த ஆளி குறுக்கிணைக்கப்பட்ட உலையில் புகைவழி அடைபட்டாலும் சுடர் எரியும். போதிய காற்றின்றி எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் பிணைகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு என்பன அதன் அறிகுறிகள். இவை காய்ச்சலின் தொடக்கம்போல் தோன்றுவதால் உறங்கச் செல்வோர் மீண்டும் எழாமற் போகின்றனர்.

எரிமுனைப் பெட்டிக்கு வெளியே சுடர் புரண்டால் திறக்கும் மற்றொரு ஆளியில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அது கையால் அழுத்தினாலன்றி மீளாது. ஏனைய ஆளிகள் தாமே மீளும்போது இது மட்டும் மனிதரின் கையை எதிர்பார்ப்பது தற்செயலன்று. ஒருவர் வந்து பார்க்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். பாராமல் பொத்தானை அழுத்திவிட்டுப் போவது அந்நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டாக் நகரில், எரிவளிக் கணப்பு ஒன்றின் புகைவழி அடைபட்டதால் பெற்றோரும் இரு பிள்ளைகளும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்குப் பலியாயினர். அவ்வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. இந்நிகழ்வின் விளைவாக 2013 இல் ஹாக்கின்ஸ்–கிக்னாக் சட்டம் மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2014 ஒக்டோபர் 15 முதல், எரிபொருள் எரிக்கும் கருவியோ இணைந்த வாகனக் கொட்டிலோ உள்ள வீடுகளில் உறங்குமிடங்களுக்கு அருகே இக்கருவி கட்டாயமாயிற்று. விட்டுவிட்டு இயங்கும் உலை உள்ள வீட்டில் எச்சரிக்கைக் கருவி ஒருமுறை ஒலித்து ஓய்ந்தாலும், மின்கலம் தீர்ந்ததெனக் கொள்ளாமல் எல்லோரும் வெளியேறி உதவி அழைக்கவேண்டும்.

வீடு சூடாக இல்லாதபோது

எரிவளி உலைக்கும் மின்சாரம் தேவை. 2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய பனிக்கட்டிப் புயலின்போது ஏறத்தாழ 3,00,000 வாடிக்கையாளர்கள் மின்சாரத்தை இழந்தனர். எரிவளி வழங்கல் தடைப்படாத வீடுகளிலும் உலைகள் ஓடவில்லை. அந்நாட்களில் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியும், வாகனக் கொட்டிலில் மின்னாக்கியை இயக்கியும் நச்சுக்கு ஆளானோர் பலர். சமையல் அடுப்பின் சூட்டடுப்பைத் திறந்து வைத்துக் குளிர்காய்வதும் இதே ஆபத்தை உடையது. தற்காலிகமாக மின்சூடாக்கியைப் பயன்படுத்தினால் அதை நீட்டிப்புக் கம்பியில் இணைக்காமல் சுவர்ச் செருகியிலேயே இணைக்கவேண்டும். வீடு உறைநிலையை நெருங்கினால் குழாய்களில் நீரை மெல்லிதாக ஓடவிடலாம். வீட்டை விட்டுச் செல்வதாயின் முதன்மை நீரடைப்பை மூடிக் குழாய்களை வடித்துவிடலாம்.

வாடகைக்கு இருப்போர் உலையைத் தாமே திருத்தவேண்டியதில்லை. ஒன்ராறியோவின் வாடகைச் சட்ட விதிகள், செப்டெம்பர் 1 முதல் சூன் 15 வரை வீட்டில் குறைந்தது 20 °C வெப்பநிலை இருக்குமாறு சூடாக்கத்தை ஓர் இன்றியமையாச் சேவையாக வரையறுக்கின்றன. சில நகராட்சிகளின் துணைவிதிகள் இதைவிட உயர்ந்த அளவைக் கோருகின்றன. விட்டுவிட்டு இயங்கும் உலையைப் பற்றி முறையிடும்போது, ‘நேற்றுப் பார்த்தேன், ஓடியது’ என்னும் மறுமொழி கிடைப்பது வழக்கம். அறையில் ஒரு வெப்பமானியை வைத்து, நாளும் நேரமும் அளவும் குறித்துவைத்தோரின் முறைப்பாட்டை நகராட்சி ஆய்வாளர் பரிசீலிப்பது எளிதாகும்.